கண்ணாடிக்குப் பிந்தைய பாதி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. யாரும் கண்டுகொள்ளாமல் போன ஒரு படத்தைப் பாராட்டி நான் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் அலையும் ஒரு பெண். நடப்பது கனவா நிஜமா என்று கடைசிவரை பிடிகொடுக்காத மர்மம். நடுவில் அவள் ஒரு கண்ணாடி முன் நிற்கிறாள். அதன்பின் அவள் முகம் என்னவோ வேறாகிவிடுகிறது. ‘இயக்குநரின் மேதைமை’ என்று எழுதினேன். (இப்போது என் பிரதியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அச்சில் வந்தது வந்ததுதான்.)

2

அதைப் படித்துவிட்டு ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். மழையில் நனைந்தபடி அவள்… இல்லை, மழையெல்லாம் பெய்யவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள்.

“முகம் மாறல சார். ஆளே மாறிடுச்சு. முதல் பாதி எங்க அக்கா. மீதி நான்.”

படப்பிடிப்பின் நடுவில் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். இயக்குநர் அக்காவின் கணவர். துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்புவதற்குள், அக்கா நடித்த உடையைத் தங்கையிடம் நீட்டினார். அதில் அக்காவின் வியர்வை வாடை அப்படியே இருந்தது. கண்ணாடி முன் நிறுத்தி, “தேடு” என்றார் மாமா. அவள் தேடினாள்.

நடிப்பு என்று நான் பத்தி பத்தியாக ரசித்தது அதைத்தான்.

“உண்மையை எழுதிடட்டுமா?” என்றேன்.

“வேணாம் சார். மீதி நான்னு சொன்னா அக்கா பாதியாயிடுவா. அவ நடிச்சதே அந்த ஒரு படம்தான்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட சொன்னீங்க?”

“ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னுதான்.”

3

இயக்குநரிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன். (அவரைக் கொடியவராக்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.)

“அவ முழுப் படத்தையும் முடிச்சுட்டுதான் போனா,” என்றார். “முகம் மாறுறது என் உத்தி. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?”

4

என் கட்டுரையின் புண்ணியத்தில் படத்தை மறுபடி திரையிட்டார்கள். அவளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையாம். அக்கா நடந்த காட்சிகளில் கண் கொட்டவில்லை. தன் முகம் வந்ததும் குனிந்தவள், படம் முடியும்வரை நிமிரவில்லை.

முடிவு ஒன்று: அவள் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். முடிவு இரண்டு: நான் எழுந்து சொல்கிறேன். இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். நடந்தது இதுதான். கடைசியில் திரையில் அக்காவின் பெயர் வந்தபோது அவள் கைதட்டினாள். இயக்குநர் மேடையேறி, முகம் வேறாவதைப் பற்றி நான் எழுதிய வரியையே தன் வரியாகச் சொன்னபோது, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் இரண்டுக்கும் தட்டினேன்.

வேண்டாம் என்றவளின் கதையை இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். இனி யாராவது உங்கள் எதிரில் அந்த முகத்தை மெச்சினால், அக்காவை முழுசாக விடுவதா, தங்கையைச் சொல்வதா? அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இந்த முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும்.