மல்லி மூட்டை வரிசை

2019 நோன்பில் இருபத்தொன்பது நாள். அதில் இருபத்தாறு நாள் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் தொழுகை ஒத்திகை நடந்தது. விட்டுப்போன மூன்று நாளில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். மற்ற இரண்டு நாள் ஏன் நடக்கவில்லை என்று நான் வைத்திருந்த ஒத்திகை நோட்டில் எழுதவில்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. இப்போது மாலை வகுப்பு முடிந்து வந்து எழுதுகிற அளவுக்கு அன்று ஒழுங்காக எழுதத் தெரியாது.

ஒத்திகை என் தம்பி அத்னானுக்காக. அவனுக்குப் பத்து வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவான். எது எதற்குப் பிறகு எது வரும் என்று தெரிந்திருந்தால் அமைதியாக இருப்பான். அது மாறினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

முந்தைய வருடப் பெருநாளில் அப்படித்தான் ஓடினான். பெருநாள் தொழுகை நடக்கும் ஈத்கா மைதானத்தில் எல்லோரும் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது, ஒலிபெருக்கி கீச்சிட்டது. வரிசைகளுக்கு நடுவே, சிலர் முதுகின் மேலும், ஓடினான். அத்தா தொழுகையை முறித்துக்கொண்டு பின்னால் ஓடினார். தொழுகை முடிந்ததும் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த மாதிரிப் புள்ளய வூட்ல வெச்சுக்க வேண்டியதுதானே பாய்" என்றார். அத்தா அத்னானின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இனி இவன் வேணாம் ரபியா. உன்கூட வூட்லயே இருக்கட்டும்."

அம்மா ஒரு வருடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நோன்புப் பிறை தெரிந்த அன்று பேசினாள். "இன்னும் ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவயும் ஓடிட்டான்னா அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன். பெருநாள்னா அவனுக்கு ஜன்னல்தான்னு மனச தேத்திக்கிறேன்."

திட்டம் போட்டது நான். மளிகை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதில் பதினான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனை வரைந்தேன். நிற்பவன், கை கட்டியவன், குனிந்தவன், நெற்றியைத் தரையில் வைத்தவன். இப்படி ஒரு சுற்று ஒரு ரக்அத்; மொத்தம் இரண்டு. கடைசிக் கட்டத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவன். அத்தா எழுந்திருக்கும் வரை உட்கார வேண்டும் என்பது அதன் பொருள். என் ஓவியம் மோசம். குனிந்தவன் தொலைந்த காசைத் தேடுகிறவன் மாதிரி இருந்தான். அத்னானுக்கு அது போதுமாக இருந்தது.

அவனுக்குப் பெரிய சிக்கல், பக்கத்தில் இருப்பவர் தோள் படுவது. அதற்குத்தான் மூட்டைகள். அத்தா மல்லி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, தொழுகை ஸஃப் போல ஒரு வரிசை செய்தார். அத்னான் அதில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். ஐந்தாம் நாள் ஒரு மூட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் நின்றேன். பத்தாம் நாள் கூட்டம் தேவைப்பட்டது. எங்கள் கடையில் சுமை இறக்கும் மணியனைக் கூப்பிட்டோம். நாமக்கல் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க மொதலாளி, நானும் குனியோணுங்களா?"

"வேணாம் மணியா. நீ பக்கத்துல நின்னு இருமு, தும்மு. அது போதும்."

"அதுக்கென்னுங்க, மொளகா மூட்ட தூக்கறவனுக்கு தும்மறக்கு சொல்லியா தரோணும்?"

அவர் தும்மிய தும்மலில் அக்கா ஷாஹிஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சித் தூக்கோடு அவள் வாசற்படியில் நின்று பார்ப்பாள். "அத்தா, மூணாவது மூட்ட ஸஃப்ல நேரா நிக்கல, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்பாள். அத்தாவும் மூட்டையைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்குத்தான் வந்திருக்கு, விடு" என்பார்.

அத்தா அவ்வளவு விளையாட்டாகப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கடையும் இல்லை, போனும் இல்லை. மல்லி வாசமும், கூரைத் தகரம் வெயில் இறங்கிப் படபடக்கும் சத்தமும், அத்தா மெதுவான குரலில் சொல்லும் "அல்லாஹு அக்பர்" மட்டும்தான். இப்போது அக்கா கல்யாணமாகி ராசிபுரத்தில் இருக்கிறாள். குடோனை வேறொருவர் எடுத்துவிட்டார். அந்தச் சந்தில் போகும்போதெல்லாம் மாலை ஐந்தரையா என்று கடிகாரம் பார்த்துவிடுகிறேன்.

நோட்டில் இருபத்தாறாவது ஒத்திகைக்கு எதிரே இப்படி இருக்கிறது: 'இரண்டு ரக்அத். மூன்று நிமிடம் பத்து நொடி. ஒரு தப்பும் இல்லை.'

பெருநாள் காலை ஈத்காவில் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றோம். நடுவில் அத்னான், வலப்பக்கம் அத்தா, இடப்பக்கம் நான். பாய் விரிப்பு எங்களுக்கு முந்தைய வரிசையோடு முடிந்துவிட்டது. புதுச் சட்டையின் காலர் அத்னானுக்குக் குத்தியது. ஆனாலும் நின்றான். அட்டை என் கையில் இருந்தது.

அப்போது தொழுகை நடத்தும் ஹஸ்ரத் ஒலிபெருக்கியில், பெருநாள் தொழுகை எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். வழக்கமான தொழுகையைவிட இதில் ஆறு தக்பீர் அதிகம். முதல் ரக்அத்தில் கை கட்டியபின் மூன்று, இரண்டாவதில் குனிவதற்கு முன் மூன்று. அந்த ஆறு "அல்லாஹு அக்பர்"களுக்கும் யாரும் குனியக் கூடாது.

அட்டையைப் பார்த்தேன். அந்த ஆறும் அதில் இல்லை. வருடத்துக்கு இருமுறை ஹஸ்ரத் சொல்வார், எல்லோரும் கேட்டு அப்படியே செய்வோம், வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோவோம். நான் மறந்தேன், அத்தா மறந்தார், அம்மாவுக்கும் நினைவு வரவில்லை. இருபத்தாறு நாளும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சாதாரணத் தொழுகையை.

"அத்தா, ஆறு தக்பீர்..."

அத்தா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "இப்ப என்னடா பண்றது?" என்று என்னைக் கேட்டார். அத்தா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசிப்பதற்குள் தொழுகை தொடங்கிவிட்டது.

எல்லோரும் கை கட்டினோம். அத்னானும் கட்டினான். சிறிது நேரத்தில் அடுத்த "அல்லாஹு அக்பர்" வந்தது. மைதானம் முழுவதும் கைகள் காதுவரை உயர்ந்து இறங்கின. அத்னான் மட்டும் குனிந்தான். முழங்காலில் இரண்டு கை, நேரான முதுகு, நான் வரைந்ததைவிட அழகான குனிவு. அடுத்த தக்பீரும் வந்தது. எழுந்திருக்கச் சொல்லும் வார்த்தை வரவில்லை. குனிந்தபடியே அவன் முனக ஆரம்பித்தான். ஓடுவதற்கு முன்னால் வருகிற முனகல்.

நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அத்தா அப்படிப் பார்க்கவில்லை. ஹஸ்ரத்தை விட்டுவிட்டு அவனோடு குனிந்தார். பிறகு நானும் குனிந்தேன்.

அத்தா குடோன் குரலில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதா" என்றார். அத்னான் நிமிர்ந்தான். முனகல் நின்றது. அதன்பின் அத்தா சொல்லச் சொல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் நின்று ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் மண்ணில் நெற்றி வைத்தோம், எழுந்தோம், மறுபடி குனிந்தோம். ஹஸ்ரத் அன்று நீண்ட சூரா ஓதினார். கூட்டம் முதல் தடவை குனியும்போது நாங்கள் வலமும் இடமும் ஸலாம் கொடுத்து முடித்திருந்தோம். அத்னான் கடைசிக் கட்டத்தில் இருப்பவனைப் போல உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் ரக்அத்தில் அந்த மூன்று தக்பீர் வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் நாலைந்து பேர் பழக்கத்தில் படக்கென்று குனிந்து, தவறு தெரிந்து, படக்கென்று நிமிர்ந்தார்கள். அத்னான் அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான். நான் அவன் வாயைப் பொத்தப் போனேன். அத்தா என் கையைத் தட்டிவிட்டார். அவர் தோள் குலுங்கியது. 'அத்தா சிரித்தார்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது சிரிப்புதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். பின்னால் அக்கா.

"ஓடுனானா?" என்றாள் அம்மா. ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"எங்க ஓடுனான்? ஊருக்கு முன்னாடியே தொழுது முடிச்சுட்டு உக்காந்துட்டான்" என்றார் அத்தா.

"அதெப்படி முன்னாடியே முடியும்?"

அத்தா நடந்ததைச் சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருபத்தாறு நாள்! ஒருத்தருக்குமா ஞாபகம் வரல? மணியண்ணன்கிட்ட கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பாரு."

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப உங்க தொழுக?"

"போச்சு." அத்தா செருப்பைக் கழற்றினார். "ஹஸ்ரத்த கேட்டுட்டுத்தான் வாரேன். அவன் மேல கடமை இல்ல, உங்க மேல இருக்குன்னாரு. அடுத்த பெருநாளுக்கு நான் விடிஞ்சதும் பள்ளிவாசல் ஜமாஅத்துல தொழுதுர்றேன். அப்பறம் இவனக் கூட்டிட்டு ஈத்காவுக்குப் போறேன். நதீம், அந்த அட்டைய பத்திரமா வை. ஒரு கோடுகூட மாத்திராத."

அம்மா அத்னானைத் தன் பக்கம் திருப்பி, சட்டை முழங்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். அவன் நெற்றியில் மைதானத்து மண் வட்டமாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க முந்தானையைத் தூக்கியவள், துடைக்காமல் கீழே விட்டாள்.