மருந்தடித்த காணியை நோக்கி நாற்பது மாடுகள்

வட்டக்கச்சி வாய்க்கால் கரையில் புழுதி எழும்பியதைத் தேனுகா கண்டபோது, மேய்ச்சல் காணியில் அடித்த களைநாசினி இன்னும் காயவில்லை.

பார்த்தீனியக் களை வந்து புல்லை விழுங்கி ஒரு வருடமாகியிருந்தது. அதைத் தின்ற மாடுகளின் பால் கசந்தது. பால் சேகரிப்பவர் இரண்டு நாள் திருப்பியே அனுப்பிவிட்டார். அதனால்தான் அன்று காலை அவள் கணவன் நிரோஜன் தெளிக்கும் டாங்கியை முதுகில் சுமந்து காணி முழுக்க மருந்தடித்தான். போத்தலில் எழுதியிருந்தபடி மூன்று கிழமைக்கு மாடு அங்கே வாய் வைக்கக் கூடாது. தேனுகா அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தாள். வீட்டுக்கும் காணிக்கும் நடுவில் அரை ஏக்கரில் கோ-3 தீவனப் புல் ஆளுயரத்துக்கு நின்றது. அவளுடைய ஒன்பது மாடுகளும் கொட்டிலில் கட்டிக் கிடந்தன. காணியின் வாய்க்கால் பக்கத்து வேலி மட்டும் சரிந்து கிடந்தது. அதை அடைக்கக் கம்பி வாங்கத்தான் நிரோஜன் கிளிநொச்சிக்குப் போயிருந்தான்.

புழுதிக்குள்ளிருந்து கொம்புகள் தெரிந்தன. பக்கத்து ஊர்க் குகதாசனின் பட்டி! நாற்பது மாடுகள், நேரே அந்தச் சரிந்த வேலியைப் பார்த்து வந்தன.

"அண்ணை! மறியுங்கோ! மருந்தடிச்சிருக்கு!"

மாடுகளுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்த குகதாசனுக்கு அவள் என்ன கத்துகிறாள் என்று விளங்கவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சிரித்துக் கையசைத்தார்.

தேனுகா ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்று போனது. வேலி இடைவெளியில் போய்க் கைகளை விரித்து நின்றபோது, முன்னால் வந்த நாம்பன் காளை பத்தடி தூரத்தில் நின்று மூச்சு விட்டது. மற்றவை அதன் இரண்டு பக்கமும் விரிந்தன. ஓர் ஆள் மறிக்கிற அகலமா அது! அவளுக்குப் பின்னால், மருந்து ஈரத்தோடு இலைகள் பளபளத்துக்கொண்டிருந்தன.

இருபது அடியில் புல் தோட்டத்துப் படலை. அவளுடைய மாடுகளின் மூன்று கிழமைத் தீனி. யோசிக்க நேரமில்லை. பாய்ந்து படலையைத் திறந்தாள், ஒரு பிடி புல்லைப் பிடுங்கி நாம்பனின் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள்.

"இந்தா! இந்தா! வா!"

நாம்பன் திரும்பியது. அவ்வளவுதான், முழுப் பட்டியும் அதன் பின்னால் மடை உடைத்த தண்ணீர் போல உள்ளே பாய்ந்தது. புல் முறிகிற சத்தம் அவள் நெஞ்சுக்குள் கேட்டது.

ஒரு கன்று மட்டும் வழி தவறி மருந்தடித்த காணிக்குள் நுழைந்து தலையைத் தாழ்த்தியது. தேனுகா அதன் வாலைப் பிடித்தாள். கன்று உதைத்தது, இழுத்தது, அவளையும் சேர்த்து நிலத்தில் விழுத்தியது. அவள் வாலை விடவில்லை. வாய் இலையில் படுமுன் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

குகதாசன் வந்து இறங்கினார்.

"என்ன பிள்ளை, என்ர மாட்டை உன்ர புல்லுக்குள்ள விட்டிருக்கிறாய்?"

"அங்க பாருங்கோ அண்ணை. காலமைதான் மருந்தடிச்சது. இலை இன்னும் ஈரம்."

அவர் பார்த்தார். தலையில் கை வைத்தபடி வரம்பிலேயே குந்திவிட்டார்.

"அரைவாசி சினை மாடு பிள்ளை..."

"ஓம், அதுகள் தப்பிட்டுது. என்ர மாட்டுக்குத்தான் இனி என்ன போடுறதெண்டு தெரியேல்ல." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியும் நிற்கவில்லை.

"உன்ர மாடு ஒண்டும் பட்டினி கிடவாது. இண்டைக்கே வைக்கல் ஏத்திக்கொண்டு வாறன்."

வாக்குத் தவறவில்லை. பின்னேரம் உழவு இயந்திரப் பெட்டி நிறைய வைக்கோல் வந்தது. நிரோஜனும் குகதாசனும் ஆளுக்கொரு பக்கம் நின்று கம்பியை இழுத்துக் கட்டினார்கள். தேனுகா முழங்கைச் சிராய்ப்போடு பக்கத்தில் நின்று நடந்ததை நடித்தே காட்டினாள். அயலட்டைச் சனமும் வந்து சேர, அந்தக் கதையை நாலு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தரமும் நாம்பன் கொஞ்சம் பெருத்துக்கொண்டே போனது.