ஆன் பண்ணாமலே குறைந்த வலி

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. காது வலிக்குப் போன இடத்தில் கிடைத்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, என் டோக்கன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பெஞ்ச். பக்கத்தில் இருந்த ஆம்பூர்க்காரப் பெண் வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு கட்டியிருந்தாள்.

"இன்னா வேலை பண்றீங்க?" என்றாள்.

கதை எழுதுகிறேன் என்றேன்.

"அது வேலையா?" என்று கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். ஒரே நிபந்தனை: "அழுவுற மாதிரி எழுதாதீங்க. அதெல்லாம் நானே அழுது முடிச்சாச்சு."

பெயரை மாற்றச் சொன்னாள். பூரணி என்று வைத்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வேறு தோன்றவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மின்னல் வெட்டியதுபோல் அவள் கைக்குள் வலி—'

போனில் இதைப் படித்துக் காட்டியதும் நிறுத்தச் சொன்னாள். "மின்னல் வந்தா போய்டும்ல? இது போவாது. சூடான அயர்ன் பாக்ஸைக் கை மேல வெச்சிட்டு மறந்து கடைக்குப் போய்ட்டா எப்படி இருக்கும்? அப்படி எழுதுங்க."

இரண்டாவது தொடக்கம், மின்னல் இல்லாமல்: பூரணி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருந்தாள். கணவன் பரந்தாமன் தோல் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். பள்ளிகொண்டா கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் பைக் சறுக்கியது. ஓட்டியவன் அவன். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்தோடு சேரும் இடத்திலேயே பிய்ந்துவிட்டன.

கை செத்தது. கிள்ளினால் தெரியாது. ஆனால் எரிந்தது.

3

(இது கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

செத்த கை எப்படி வலிக்கும்? கையிலிருந்து செய்தி வருவது நின்றுபோனால் மூளை சும்மா இருப்பதில்லை. தானே செய்தி தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது, அதுவும் கெட்ட செய்தியாக. இது ஸ்கேனில் தெரியாது. ஸ்கேனில் தெரியாததைப் பரந்தாமன் நம்புவதில்லை.

"கைலதான் உணர்ச்சியே இல்லன்றாங்களே. அப்புறம் எங்கருந்து வலி வருது?" என்பான். "நீ அதையே நெனச்சினு இருக்க. அதான் ஜாஸ்தியாவுது."

அவனைக் கொடுமைக்காரனாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவன்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டான்; கோணலாக, தினமும். வலி உண்மையென்று ஒப்புக்கொண்டால், அந்த பைக்கை ஓட்டியது யார் என்ற கேள்வி வந்துவிடும். அதைவிட அவள் நினைப்பின்மேல் பழி போடுவது சுலபம். (இது என் ஊகம். பூரணி இப்படிச் சொல்லவில்லை.)

4

மாத்திரைகள் தோற்றன. ஊசிகள் தோற்றன. கடைசியில் மூளை அறுவை மருத்துவர் எழிலரசி ஒரு வழி சொன்னார். மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பி வைத்து, விட்டுவிட்டுச் சிறு மின்சாரம் கொடுப்பது. "அறுந்த நரம்பு ஒட்டாதும்மா. கை ஆடாது. மூளை அந்த வலியை எடுத்துக்கற விதத்தைக் கொஞ்சம் மாத்திப் பாக்கறோம். எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் முழுசாப் போகாது."

"கம்மியானாப் போதும் டாக்டர்," என்றாள் பூரணி.

தலையில் இரும்புச் சட்டம் மாட்டி, தோல் மரத்துப்போக ஊசி போட்டு, துளையிட்டார்கள். அவள் விழித்திருந்தாள். உலகத்து வலியையெல்லாம் உணர்கிற மூளையைத் தொட்டால் அதற்கு மட்டும் வலிப்பதில்லை. இதைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காதே, தலை ஆடும் என்றார்கள்.

சில நாள் வெள்ளோட்டம் பார்ப்பதற்காக, கம்பியின் மறுமுனையை வெளியே ஒரு சிறிய பெட்டியில் இணைத்தார்கள். சாயங்காலம் ஒருவர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் யாரோ அயர்ன் பாக்ஸைத் தூக்கியதுபோல் இருந்தது. பூரணி அழுதாள். (மன்னிக்கவும், அழுதாள்.) டாக்டர் வந்ததும், "கம்மியாய்டுச்சு!" என்றாள்.

எழிலரசி பெட்டியைப் பார்த்தார். "இன்னும் ஆன் பண்ணலையேம்மா."

5

இந்த இடத்தில் கதையை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பூரணிக்கும் அப்படித்தான் இருந்தது.

பரந்தாமன் வராண்டாவைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அப்போ இத்தினி நாளும்..." முடிக்கவில்லை. முடிக்காததுதான் அவளைக் குத்தியது. அவளே தன்னைச் சந்தேகித்தாள். இத்தனை நாள் எரிந்தது பொய்யா? கம்பியைப் பிடுங்கிவிடுங்கள் என்றாள்.

எழிலரசி கட்டிலில் உட்கார்ந்தார். "கம்பி உள்ள போனதால ஏற்பட்ட வீக்கத்துல அந்த இடம் மந்தமாகி, வலி கொஞ்ச நேரம் குறையலாம். கொறஞ்சிடும்னு நம்பியும் குறையலாம். எப்படிக் குறைஞ்சாலும் இருந்த வலிதானே குறையணும்? அது பொய் இல்ல. ஆனா எங்க மிஷின் வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியணும். இனிமே எப்ப ஆன், எப்ப ஆஃப்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம்."

அந்த முதல் நிம்மதி மறுநாளே தீர்ந்தது. அயர்ன் பாக்ஸ் திரும்பி வந்து உட்கார்ந்தது. பிறகு சொல்லாமல் ஆன் செய்தார்கள், சொல்லாமல் நிறுத்தினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது கம்மி, இப்போது ஜாஸ்தி என்றாள். ஆன் செய்தபோதெல்லாம் கம்மி, நிறுத்தியபோதெல்லாம் ஜாஸ்தி. பரந்தாமன் சுவரோரம் நின்று பார்த்தான். அன்று அவன் சாப்பிடவில்லை.

வெளியே இருந்த பெட்டிக்குப் பதிலாக ஒரு பேட்டரியைக் காலர் எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்தார்கள். அதை ஆன், ஆஃப் பண்ண ஒரு ரிமோட்டும் கொடுத்தார்கள். வலி பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சம் இருக்கிறது.

6

வீடு திரும்பியதும் தெருவே பார்க்க வந்தது. கூட வேலை செய்த ஜஹீதா தோலுக்கடியில் புடைத்திருந்த பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, "அல்லா, எவ்ளோ வலி இருந்திருக்கும்!" என்றாள். வலித்தபோது யாரும் நம்பவில்லை. குறைந்த பிறகு எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு மத்தியானம், வீட்டில் இருவர் மட்டும். பரந்தாமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்த ரிமோட்ல ஒரு தபா ஆஃப் பண்ணு. நீ எப்படி இருந்தேன்னு நான் பாக்கணும். அப்ப நான் பாக்கல."

பூரணி ரிமோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "நீங்களே பண்ணுங்க."

7

முடிவு அ: அவன் அமுக்குகிறான். அவள் முகம் மாறுவதைப் பார்க்கிறான். உடைந்து—

முடிவு ஆ: அவனால் அமுக்க முடியவில்லை. "நம்பறேன்," என்கிறான். வெளியே—

இரண்டையும் போனில் படித்துக் காட்டினேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. பிறகு பூரணி சொன்னாள்: "ரெண்டுலயும் அவரப் பத்தியே எழுதி வெச்சிருக்கீங்களே சார்."

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். "நீங்க எழுதறவராச்சே," என்று வைத்துவிட்டாள்.

ஆகவே அ, ஆ இரண்டையும் அடித்துவிட்டேன். மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அந்த மத்தியானம் அந்த அறையில் இருவர் இருந்தார்கள். வலி ஒருத்தியுடையது.