ஐந்து பாக ஆழத்தில் ஒரு பல்

கணினித் திரையில் சிவப்பாக ஒரு வரி எழுந்து நின்றது. இதே நோயாளி, இதே குறியீடு, நான்கு மாதங்களுக்கு முன். ஜெபகனி விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடற்கரைச் சாலையிலிருந்த அந்த மருத்துவமனையின் பல் பிரிவில் அவளுக்கு இரண்டு வேலைகள். வருகிறவர்களின் வலியை முதலில் கேட்டுப் படிவத்தில் நிரப்புவது ஒன்று. மருத்துவர் பார்த்து எழுதியபின் அந்நோய்க்குரிய குறியீட்டை இடுவது மற்றொன்று. குறியீடு ஏறாமல் எவர் பல்லையும் பிடுங்குவதில்லை என்பது அங்கே விதி. கே பூஜ்யம் எட்டு புள்ளி எட்டு ஒன்பது: பல்வலி. ஒரு நாளைக்கு இருபது முறையாவது அதைத் தட்டுவாள். பல்லை முத்தென்று பாடிய பழம்புலவர்களுள் அது வலிக்கும் விதத்தைப் பாடியவர் எவரையும் அவள் படித்ததில்லை. இந்தக் குறியீடும் அப்படித்தான். வலிக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

நோயாளியின் பெயர் இஞ்ஞாசி. திரேஸ்புரத்துச் சங்குகுளிகாரர்; கடலடியில் மூழ்கிச் சங்கெடுப்பவர். மேல்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் இங்கேயே பிடுங்கிக்கொண்டு போனவர், அதற்கடுத்த பல்லைப் பிடுங்கச் சொல்லி இன்று வந்து, உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

ஜெபகனி பழைய படிவத்தைத் திறந்தாள். வலி எப்போது வருகிறது என்ற கேள்விக்குக் கீழே ஐந்து கட்டங்கள்: சூடு, குளிர்ச்சி, இனிப்பு, மெல்லும்போது, இரவில். குளிர்ச்சி என்பதில் குறி இருந்தது. அவள் இட்ட குறி. அன்றைய கூட்டமும் இரைச்சலும் நினைவுக்கு வந்தன. ‘தண்ணிக்குள்ள போனா வலிக்கும்மா’ என்றுதான் அவர் சொன்னார். தண்ணீருக்குக் கட்டம் இல்லை. தண்ணீர் குளிரும் என்று தானே முடிவு செய்து குறியிட்டுவிட்டாள். அதைப் படித்த மருத்துவர் ரெனிஷ், அப்பல்லில் பழைய அடைப்பும் இருக்கக் கண்டு, வேர்வரை கூச்சம் என்று எழுதினார். மூன்று முறை வந்து வேர்ச்சிகிச்சை செய்துகொள்ள இஞ்ஞாசிக்குப் பொறுமையில்லை. பிடுங்கிவிடச் சொன்னார்.

இன்றைய படிவத்தையும் பார்த்தாள். காலையில் பழையதைப் பார்த்தே நிரப்பியிருந்தாள். அதே கட்டம், அதே குறி.

எழுந்து விரைந்து உள்ளே போனாள். மருத்துவர் ரெனிஷ் மரத்துப்போகும் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு நிமிசம். அண்ணாச்சி, ஒங்களுக்கு எப்ப வலிக்கின்னு இன்னொருக்கா சொல்லுங்க.”

“எத்தன மட்டம் சொல்லுதது?” இஞ்ஞாசி தலையைத் தூக்கினார். “தண்ணிக்குள்ள போனா வலிக்கி. மேல வந்துட்டா ஒண்ணுமில்ல.”

“ஐஸ்தண்ணி குடிச்சா?”

“கொடத்தோட குடு, நின்ன நெலையில குடிப்பேன். மூணு பாகத்துல மொணங்க ஆரம்பிக்கும். அஞ்சு பாகத்துல உசுரு போவும்.” கயிறு அளப்பவர்போல் இரு கைகளையும் அகல விரித்து, ஒரு பாகம் எவ்வளவு என்று மருத்துவருக்குக் காட்டினார். “சளி புடிச்சிருந்தா கேக்கவே வேண்டாம்.”

ரெனிஷ் ஊசியைத் தட்டில் வைத்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார், இஞ்ஞாசி அசையவில்லை. கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

“யாத்தாடி!”

“பல்லுல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. மேல இந்த எலும்புக்குள்ள காத்தறை இருக்கு. சளி அடைச்சிருக்கு. கீழ போவப் போவ தண்ணி அமுக்குதுல்லா, அது பல்லுல வலிக்கித மாதிரி காட்டும்.” மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “காது மூக்கு டாக்டரப் பாருங்க. அவரு சொல்லுத வரைக்கும் கடல்ல எறங்கக் கூடாது.” பிறகு ஜெபகனியைப் பாராமலே, தாழ்ந்த குரலில், “நானும் கேட்டிருக்கணும்” என்றார்.

“இந்தப் பல்லு தப்பிச்சிட்டுன்னு சொல்லுங்க” என்று இஞ்ஞாசி சிரித்தார். “காத்துக்குழாய இந்தப் பல்லுலதான் கடிச்சிப் புடிக்கேன். இதுவும் போனா, குழாயக் கையில புடிச்சிக்கிட்டுக் கால்லயா சங்கு பெறக்க?” சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப மின்ன புடுங்கினது?”

ஞாயிறுதோறும் நாசரேத்து ஆலயத்தில் நூறு குரல்களோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லி வளர்ந்தவள் ஜெபகனி. ‘நாங்கள்’ என்று தொடங்கும் அறிக்கை அது. அதைச் சொல்ல அவள் ஒருநாளும் தயங்கியதில்லை.

“அது நல்ல பல்லு, அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பாக் குறிச்சேன்.”

அவர் நாக்கு வாய்க்குள் அந்த இடத்தைத் தேடிப் போனது. இடக்கன்னம் மெல்லப் புடைத்து அடங்கியது.

“அத வீட்டுக்குக் கொண்டுபோவல, பாத்துக்க” என்றார். “என்னய என்ன பாடு படுத்திச்சு, வலிச்ச எடத்துலயே கெடன்னு அஞ்சு பாகத்துல போட்டுட்டு வந்தேன். வாயில வந்தபடி ஏசிட்டுல்லா போட்டேன்.” தலையை அசைத்தார். “பாவம்.”

ஜெபகனி தன் இருக்கைக்குத் திரும்பினாள். புதிய குறியீட்டைத் தேடி எடுத்தாள்: டி எழுபது புள்ளி ஒன்று. அழுத்தத்தால் முகத்துக் காற்றறைக்கு நேர்ந்த ஊறு. நான்கு மாதங்களுக்கு முந்தைய படிவம் மட்டும் திறந்தபடி இருந்தது. மருத்துவப் பதிவில் எதையும் அழிக்க முடியாது. கீழே பிற்சேர்க்கை எழுதலாம். எழுதியவர் பெயரும் நாளும் நேரமும் தாமே வந்து நிற்கும். மேலிடத்தில் எவர் திறந்தாலும் தெரியும்.

“அதை விடுங்கக்கா, இன்னைக்கு உள்ளத மட்டும் மாத்துங்க” என்று ரெனிஷ் கதவருகிலிருந்து சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார்.

அவள் தட்டச்சிடத் தொடங்கினாள். ‘நோயாளி கூறியது: நீருக்குள் இறங்கும்போது மட்டும். குளிர்ச்சி என நான் தவறாகக் குறித்தேன்.’ ‘நான்’ என்ற சொல்லுக்கு அருகே சுட்டி நெடுநேரம் விட்டுவிட்டு மின்னியது.

முகப்பின் மறுபுறம் இஞ்ஞாசி சீட்டுக்காகக் காத்து நின்றார். சன்னலுக்கு வெளியே மதியத்துக் கடல் வெளிறிக் கிடந்தது. அதன் அடியில் எங்கோ, சங்குகள் ஊரும் வெண்மணலில், ஏச்சு வாங்கிய ஒரு நல்ல பல் கிடந்தது.