ஒற்றையாய் நின்ற ஏழு

எல்லாம் அவளுடைய அருமைக் கணவர் செய்த வேலை. அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வரும் எலும்பு மஜ்ஜைக் குப்பிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த மனிதர் போன் போட்டுத் தன் தங்கையின் குப்பி எண்ணைச் சொல்லிவிட்டார்.

"நம்ம ஆளு பாத்தா நல்லா பாப்பாங்கல்ல? கொஞ்சம் பாத்து செய்."

ஏதோ வரிசையில் முந்தி நிற்க இடம் கேட்பதுபோல! தெரியாமல் இருந்தால் பத்தோடு பதினொன்றாகப் பார்த்து முடித்திருப்பாள். வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம் என்றால், கூட வேலை பார்ப்பவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். வாய் ஓயாதவள் என்று பேரெடுத்த இவளுக்கு அன்று முழுக்கப் பேச்சே வரவில்லை.

நாத்தனாருக்கு வந்திருப்பது வேகமாகப் பரவும் இரத்தப் புற்றுநோய். செல்லுக்குள் சிதறிக் கிடக்கும் குரோமோசோம்களைத் திரையில் ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்ப்பது இவள் வேலை. எல்லாம் சரியாக இருந்தால் மருந்திலேயே குணமாக வாய்ப்புண்டு. ஏழாம் ஜோடியில் ஒன்று தொலைந்திருந்தால் மருந்து மட்டும் போதாது, போன நோய் திரும்பி வரும்.

இரண்டு செல்களில் ஏழு ஒற்றையாக நின்றது. ஆனால் கண்ணாடித் தகட்டில் செல்லைப் பரப்பும்போது ஒன்றிரண்டு நழுவிப்போவது சகஜம். மூன்று செல்களில் தொலைந்திருந்தால்தான் கணக்கு. மூன்றாவது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள்.

ஒரு செல்லில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிக்கிக் கிடந்தன. அப்படிப்பட்டதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது எல்லோரும் செய்வதுதான். அவளும் விட்டாள். மற்றவர்கள் சிரமத்துக்காக விடுவார்கள், இவள் பயந்து விட்டாள். இருபது செல்கள் முடிந்தன. மூன்றாவது வரவில்லை. 'குறை இல்லை' என்று எழுதிவிடலாம். கை எழவில்லை.

போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, கெட்டதா வந்தா அண்ணன் மஜ்ஜையை எனக்கு ஏத்துவாங்களாம், அவனோடது பொருந்துதாம். ஒரு டீ வாங்கித் தர மூக்கால அழுவான், மஜ்ஜையா குடுப்பான்? நல்லதாவே சொல்லிடுங்க." சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டாள். நல்லது என்று பொய்யாக எழுதினால் மஜ்ஜை ஏற்ற மாட்டார்கள், அந்தப் பெண் போய்விடுவாள். கெட்டது என்று எழுதினால் அதைத் தன் கையால் எழுதியவள் இவளாகவே இருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

விட்ட செல்லை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள். சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினாள். ஏழு ஒற்றையாக நின்றது. அழுதுகொண்டே எழுதி, கையெழுத்துக்காக டாக்டருக்கு அனுப்பினாள்.

மாலை மறுபடி போன். முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அது சட்டம்.

"அண்ணி, என்ன வந்துச்சு?"

பொய் சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"அண்ணி?"

இவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்க பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல, அண்ணி." பிறகு மெல்லிய குரல்: "சரி. அண்ணனைப் பிடிச்சு வைங்க. ஓடிடப் போறான்."