துப்பிய மாப்பிள்ளை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் என் பெயரே வெடி. எங்கள் பீங்கான் கோப்பைத் தொழிற்சாலைக்கு நான்தான் ஒரே வாரிசு. என்னை விட்டால் வேறு ஆளில்லை என்பதால் அப்பாவும் என்னைச் சகித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்.

பெரிய தேயிலைக் கம்பெனிக்காரர் வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் டீயும் நம் கோப்பையும் ஒன்று சேர்ந்தால் எவனாலும் நம்மை அசைக்க முடியாது என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கு அழகான நாலு வாக்கியங்களையும் தயாராக வைத்திருந்தேன்.

பார்த்த பிறகுதான் வம்பு. மாப்பிள்ளை அவர்கள் கம்பெனியிலேயே டீயைச் சுவைத்துத் தரம் சொல்கிறவர். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. நாக்கு கெட்டுவிடும் என்று வெங்காயம், பூண்டு, காரம் எதுவும் தொடமாட்டார், சென்ட் போடமாட்டார். இதற்கு முன்னால் எத்தனை பெண் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார். என்ன ஆயிற்று என்றேன். அவருடைய சாப்பாட்டுப் பட்டியலைக் கேட்டதும் ஆறு பேரும் ஓடிவிட்டார்களாம். அதையும் சிரிக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

அன்று காலை அம்மா எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். வந்தவர்கள் முன்னால் கோப்பையைத் தட்டாதே. எந்தக் கோப்பையைக் கண்டாலும் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பது என் பழக்கம். உலையில் நன்றாக வெந்திருந்தால் கணீரென்று கேட்கும். இவருக்கும் அவர் அம்மா ஒரு கட்டளை போட்டிருந்தாராம். தொழில்முறையில் குடிக்காதே, மனுஷன் மாதிரி குடி. நான் என் அம்மா பேச்சைக் கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் எல்லாவற்றையும் மறந்துபோனார்.

கோப்பையை வாயில் வைத்து, குழாயில் காற்று வாங்குகிற சத்தத்தோடு ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். அடுத்த நொடி பக்கத்திலிருந்த பூச்சாடிக்குள் துப்பினார். சோப்பு வாடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூடத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

பிறகு கேட்க வேண்டுமா? அது உங்கள் கம்பெனி டீதான், இப்போதுதான் பாக்கெட்டையே பிரித்தோம் என்றார் அப்பா. எங்கள் டீயில் வாடை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, கோப்பையைப் பாருங்கள் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பத்தே நிமிஷத்தில் சம்பந்தம் முறிந்தது. வாசல் வரை போன மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தப்பு டீயிலா கோப்பையிலா என்று தெரியாமல் இந்தச் சண்டை தீராது. மறுநாள் காலை, அதே கோப்பைகளில் இரண்டையும் மீதி டீத்தூளையும் எடுத்துக்கொண்டு அவர் கம்பெனிக்கே போனேன். வெள்ளையடித்த நீள அறை. ஜன்னலோரம் இடுப்புயர மேசை, வரிசையாகக் கோப்பைகள், கீழே துப்புவதற்கு ஒரு தொட்டி. என்னைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் தண்ணீர் கொதிக்கவைத்தார்.

ஒரே டீயை அவர் கோப்பையிலும் என் கோப்பையிலும் ஊற்றினார். அவருடையதைச் சுவைத்துத் தலையாட்டினார். என்னுடையதை வாயில் வைத்ததும் துப்பினார். நான் என் இரண்டாவது கோப்பையை எடுத்துத் தட்டினேன். டொக் என்றது.

தப்பு கோப்பையில்தான். சரியாக வேகாத பீங்கான், கழுவுகிற சோப்பையெல்லாம் உள்ளே குடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைகள் புது உலையில் வந்தவை. நேரத்தைக் குறைத்துச் சீக்கிரம் எடுக்கலாம் என்று அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்றது நான்.

என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "டீலதான் தப்புன்னு நான் வீட்ல சொல்லிடறேன். அம்மா ரெண்டு நாள் திட்டுவாங்க. அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்றார்.

ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நொடி கோபம் வந்துவிட்டது.

"எனக்காக உங்க நாக்கு பொய் சொல்லும்னா, நாளைக்கு என்னப் பிடிச்சிருக்குன்னு நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது?"

கெட்டிலைக் கீழே வைத்தார். "பிடிச்சிருக்குங்க" என்றார். "அது பொய் இல்ல."

காது வரை சூடாகிவிட்டது எனக்கு. அந்தச் சூடு ஆறுவதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். உலையை நிறுத்தச் சொன்னேன். நேற்று என் உலையை நம்பித்தான் அப்பா மாப்பிள்ளையின் அம்மாவிடம் அவ்வளவு பேசியிருந்தார்.

"இத யாரு கண்டுபிடிச்சது?" என்றார் அப்பா.

"நாங்க ரெண்டு பேரும்."

போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பிறகு, "போனை அவர்கிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். அவர் சரிங்க என்றார், இன்னொரு சரிங்க, நடுவில் ஒரு ஐயோ அதெல்லாம் வேண்டாங்க. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. போனை வைத்ததும் என்ன சொன்னார் என்று பாய்ந்தேன்.

"சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட உங்கப்பாவே பேசறாராம். அந்த உலையில வந்த கோப்பை எல்லாத்தையும் நான் ஒண்ணொண்ணா குடிச்சுப் பாத்துச் சொல்லணுமாம். அது முடிஞ்ச மறுநாள் கல்யாணமாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொத்தம் எத்தனை கோப்பை இருக்கும்?" என்றார்.

பதினெட்டாயிரம் என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அவ்வளவு நாள் என்னால காத்திருக்க முடியாதுங்க" என்றார்.

என்னாலும் முடியாது என்று வாய்விட்டே சொன்னேன்.