வள்ளிநாயகியின் பெருவிரல்

வள்ளிநாயகி என்ற பெயருக்கு எதிரே ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. பிரகலாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கட்டியிருந்த சாரத்து நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ‘கையெழுத்து வைக்கத் தெரியாதபடியால் இடக்கைப் பெருவிரல் அடையாளம்’ என்று பத்திரம் முடித்த நொத்தாரிசு பக்கத்தில் எழுதியிருந்தார். ஆண்டு 1949. தன் பெயரிலிருந்த நாவலடிக்கலட்டி என்னும் ஆறு பரப்புக் காணியை வள்ளிநாயகி தன் தமையன் ஆழ்வாப்பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிப்பத்திரம் அது. ஆழ்வாப்பிள்ளை பிரகலாதனின் அப்பப்பா. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு குடும்ப மரம் ஒன்று வரையலாம் என்று தொடங்கியதில்தான் இந்த உறுதிக்கட்டை அவர் முதன்முறையாக முழுதாக வாசித்தார். இடம்பெயர்வுகளில் உடுப்பை விட்டுவிட்டும் தூக்கிக்கொண்டு ஓடிய கட்டு. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அதே கட்டில் 1931ஆம் ஆண்டுச் சீதன உறுதியும் இருந்தது. அதே காணியைத் தகப்பன் வள்ளிநாயகிக்குக் கொடுத்த உறுதி. அதில், ஏற்றுக்கொண்டதாக, அவள் கையெழுத்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் போனவளின் கையெழுத்து. கடைசி ‘கி’யின் மேல்விலங்கு முழுப்பெயருக்கும் மேலாக வளைந்து திரும்பி நின்றது. பத்தொன்பது வயதில் இப்படி எழுதியவளுக்கு முப்பத்தேழு வயதில் எழுதத் தெரியாமல் போகுமா?

கலியாணம் முடித்து மலாயாவுக்குப் போனவள் என்பதற்கு மேல் அவளைப்பற்றிக் குடும்பத்தில் ஒரு கதையும் இல்லை. அவளுடைய பெயரையும் புருசனுடைய பெயரையும் பிரகலாதன் முகநூல் குழு ஒன்றில் போட்டார். மூன்றாவது வாரம் ஈப்போவிலிருந்து சுலோசனா என்ற பெண் எழுதினாள். வள்ளிநாயகியின் மகனுடைய மகள். ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. அப்பம்மா 1931இல் கப்பலேறிய பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை என்றாள். தன் அப்பாவுக்கு அப்பம்மா 1956இல் எழுதிய கடிதம் ஒன்றையும் படம் பிடித்து அனுப்பினாள். கடிதத்தின் அடியில் அதே ‘கி’, அதே மேல்விலங்கு.

படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு அன்று மாலையே பிரகலாதன் தங்கை றஜனி வீட்டுக்குப் போனார். மருதனார்மடத்துக்கு மேற்கே, நாவலடிக்கலட்டியில்தான் அந்த வீடு. தகப்பன் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. போரில் செல் விழுந்து இரண்டு தரம் கூரை போய், இரண்டு தரமும் கட்டியெழுப்பியது. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை முடிந்து பஸ்ஸில் வந்திறங்கியிருந்த றஜனி, கைப்பையைக்கூட வைக்காமல் நின்றபடி கேட்டாள்.

“அப்ப ஆரோ கள்ளமாய் வைச்சது எண்டு சொல்லுறியள்?”

“ஓம். கூட ஒரு வரி கிடக்கு. எழுதிக்குடுத்தவவைத் தனக்குத் தெரியாதாம், சாட்சிகளுக்குத்தான் தெரியுமாம் எண்டு நொத்தாரிசு எழுதியிருக்கிறார்.”

“உதை ஏன் இப்ப கிளறுறியள் அண்ணை?”

“சட்டப்படி இனி ஒண்டும் செய்யேலாது. எத்தினை வருசம் நாங்கள் ஆண்ட காணி.”

“சட்டத்துக்கே நான் பயப்பிடுறன்?” என்றாள் றஜனி. கைப்பையோடு உள்ளே போனாள்.

ஆவணி மாதம், தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு வந்த சுலோசனா நாகபட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினாள். நேரே பிரகலாதனோடு றஜனி வீட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. சீதன உறுதியை வாசிக்கச் சொல்லிக் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிரகலாதன் தந்தி வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, உள்ளிட்ட பனை பதினொன்று, மா இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். தகப்பன் பெயரும் தாய் பெயரும் வந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெயர்கள் அவளுக்குப் புதியவை. கையெழுத்தைக் காட்டியபோது தொடாமல், விரலைக் காற்றில் அந்த மேல்விலங்கின் வழியே ஓட்டினாள்.

“அப்புறம் இந்த நிலம் என்னாச்சு அண்ணே?”

இந்தக் கேள்விக்காக மூன்று மாதமாக அவர் பதிலை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். உண்மையைத்தான். ஆனால் அவளுடைய முகத்துக்கு முன்னால் வாய் வேறொன்றைச் சொன்னது. “பிறகு... தமையனுக்கே எழுதிக் குடுத்திட்டா.”

“நல்லதுதானே,” என்று சுலோசனா சிரித்தாள். “குடும்பத்துக்குள்ளேயே இருக்கு.”

தேத்தண்ணித் தட்டோடு வந்த றஜனி அதை மேசையில் வைத்தாள். தமையனின் மடியிலிருந்த உறுதிக்கட்டை எடுத்தாள். இரண்டாவது உறுதியை உருவினாள்.

“குடுக்கேல்லை. அண்ணை பொய் சொல்லுறார்,” என்றாள். பிறகு நின்றபடியே அந்த வரிகளை வாசித்தாள், மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல ஒரு சொல்லும் விடாமல். கையெழுத்து வைக்கத் தெரியாதபடியால். சாட்சிகளுக்குத் தெரியும்.

“றஜனி...” என்றார் பிரகலாதன்.

“அவ நல்லது எண்டு சொன்னாப்பிறகு நான் எப்பிடி அண்ணை உந்த வீட்டிலை படுத்தெழும்புறது?”

மாமரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது. தேத்தண்ணியில் ஆடை படிந்தது. பிறகு சுலோசனா தாளைத் தன் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தாள்.

“அப்ப இது யாரோட விரல்?”

பிரகலாதனுக்கு அந்தக் கேள்வி வந்ததேயில்லை. அது வள்ளிநாயகியுடையதல்ல என்பதோடு அவர் நின்றுவிட்டார். உருப்பெருக்கியை எடுத்தார். சின்ன விரல். குறுக்கே ஒரு பழைய வெட்டுக்காயம், ரேகைகளை வெட்டிக்கொண்டு வெள்ளையாக ஓடியது. காலமெல்லாம் காய்கறி அரிந்த கை. அந்த நாளில் ஆழ்வாப்பிள்ளை வீட்டில் ஒரேயொரு பெண்தான் இருந்தாள், அவருடைய மனைவி தெய்வானை. பிரகலாதனும் றஜனியும் பிறக்க முன்னமே செத்துப்போனவள். படம் இல்லை, அவள் பெயரில் உறுதி இல்லை, ஒரு காயிதமும் இல்லை. குடும்ப மரத்தில் அவளுக்கென்று அவர் கீறிய பெட்டிக்குள் பெயர் மட்டும்தான் இருந்தது.

“எங்கடை அப்பம்மாவாய்த்தான் இருக்கும்,” என்றார்.

“அவவைக் கேட்டே வைச்சிருப்பினம், கையைப் பிடிச்சே?” என்றாள் றஜனி.

தபால் கந்தோரில் எத்தனையோ பேரின் கையைப் பிடித்து அவர் பெருவிரல் வைப்பித்திருக்கிறார். தானாக வைக்கிற விரல் பக்கவாட்டில் உருளும், பிடித்து வைத்தால் அழுந்தும். இது அழுந்தியிருந்தது. மை ஓரம் கடந்து கசிந்திருந்தது. ஆனால் எழுபத்தைந்து வருடத்து ஈரமும் அதைச் செய்திருக்கலாம். இரண்டையும் அப்படியே சொன்னார். றஜனி தன் பெருவிரலை அந்த அடையாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், படாமல், சற்று நேரம் வைத்திருந்தாள். அவளுடையது பெரிது.

“நிலத்தைச் சுத்திப் பாக்கலாமா?” என்று சுலோசனா எழுந்தாள். அவளுடைய குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமா, மன்னிப்பா, வெறும் களைப்பா?

வாசலில் அவளுடைய மெல்லிய சப்பாத்தைப் பார்த்த றஜனி, “உதோடை நடக்கேலாது மச்சாள், முழுக்க நெருஞ்சி,” என்று தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் தள்ளினாள். பிரகலாதன் வாசலிலேயே நின்றார். இரண்டு பெண்களும் வேலியோரமாகக் கிழக்கு எல்லையை நோக்கிப் போனார்கள். செம்மண் சுட, றஜனி வெறுங்காலோடு நிழல் பார்த்துத் தாவித் தாவி நடந்தாள். காலுக்குப் பெரிதான செருப்பு கழன்றுவிடாமல் இருக்க, சுலோசனா கால்விரல்களை இறுக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக ஊன்றி ஊன்றி வைத்தாள்.